லேட் சப்பர்

சுரங்கத்தின் பெயர் லேட் சப்பர்.
நெவாடாவின் தென்கோடி,
தார்ச்சாலை முடிந்தபின் பதினோரு மைல் புழுதி.
யாருடைய இராச்சாப்பாடு, ஏன் பிந்தியது என்று
கவுண்டி அலுவலகப் பதிவேட்டில் இல்லை.

எங்கள் வேலை வேலி போடுவது.
குழிக்கு நாலு கம்பம், மூன்று சுற்று முள்கம்பி,
மண்டையோடு வரைந்த பலகை ஒன்று.
வெர்னா துளைக்கருவி பிடிப்பாள், நான் எழுதுவேன்.
முதலில் ஒரு கல்லைப் போட்டு எண்ண வேண்டும்.
ஒன்று,
இரண்டைச் சொல்லி முடிப்பதற்குள் சத்தம்.
அறுபது அடி என்று எழுதினேன்.

மலை ஒரு காலத்தில் கடலடிச் சேறு.
அமுங்கி, வெந்து, மடிந்து, கறுத்துப்
பலகை பலகையாய்ப் பிளக்கும் கல்லானது.
பிறகு அதில் ஒரு விரிசல்.
கீழிருந்து கொதிநீர் ஏறி வந்தது,
கண்ணுக்குத் தெரியாத பொன்னைக் கரைத்துக்கொண்டு.
மேலே வர வர அழுத்தம் தளர்ந்து
சுமக்க முடியாததை வழியிலேயே இறக்கிவிட்டுப் போனது.
ஒரு முழ அகலத்துக்கு வெள்ளைக்கல்.
அதில் துருவேறிய பழுப்புக் கறை.
கறைக்குள் ஊசிமுனை ஊசிமுனையாய்,
இவ்வளவு பேரை இவ்வளவு தூரம் இழுத்தது.

டன்னுக்கு நாலு சவரன், முதல் வருடம்.
1908.
ஓரின் டாஸ்கர், அதுவரை முடிதிருத்தியவர்.
ஜென்கின் போல்க்ளேஸ், கார்ன்வால்காரர்,
பன்னிரண்டு வயதிலிருந்தே பூமிக்குள் இருந்தவர்.
மூன்று கோவேறு கழுதைகள்.
ஊற்றிலிருந்து இரண்டு மைலுக்கு இரும்புக் குழாய்.
வெர்னாவின் ஆட்கள் குடித்துவந்த ஊற்று அது.
அவர்களை யாரும் கேட்கவில்லை.

அறுபதாவது அடியில் பொன்நரம்பு நின்றது.
தேய்ந்து மெலிந்து அல்ல,
கத்தி வைத்த மாதிரி.
எதிரே கண்ணாடிபோல் வழவழத்த சாம்பல் சுவர்.
மலை எப்போதோ நகர்ந்து
மீதி நரம்பைத் தன்னோடு கொண்டுபோயிருக்கிறது.
வலப்பக்கம் என்றார் போல்க்ளேஸ்.
இடப்பக்கம் என்றார் டாஸ்கர்.
கூட்டு முறிந்து வழக்கானது.
நீதிபதி மலையைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.
ஆளுக்கொரு கழுதை,
மூன்றாவதை விற்றுச் செலவுக்கு.

டாஸ்கர் இரண்டு வருடம் தனியாக
இடப்பக்கம் நூற்றுப்பத்து அடி குடைந்தார்.
கிடைத்தது ஒரு மூக்குத்திக்குக் காணாது.

முப்பத்துநாலில் லிண்ட்குவிஸ்ட் தம்பதி வந்து
அவர்கள் கொட்டிய கழிவைக் காற்றில் சலித்தார்கள்.
வாரத்துக்குச் சில குன்றிமணி;
மாவுக்கும் பெட்ரோலுக்கும் சரியாய்ப் போயிற்று.
நாற்பத்திரண்டில் உத்தரவு வந்தது:
போருக்குத் தங்கம் தேவையில்லை.
அதோடு சரி.

மலையின் இடுப்பில் இன்னொரு வாய் உண்டு.
வௌவால்களை எண்ண அதன் வழியே உள்ளே போனேன்.
தலைவிளக்கில் அந்தச் சுவர்.
மெழுகுவர்த்திப் புகையால் எழுதியது:
ஓ.டி. 1911.
கையுறையைக் கழற்றித் தடவினேன்.
இடப்பக்கம் போனால் விரல் தடுக்குகிறது,
பூனையின் முதுகை எதிர்த்துத் தடவியதுபோல.
வலப்பக்கம் வழுக்குகிறது.
வழுக்கும் திசையில்தான் மலை போயிருக்கும்.
சிரைத்த கன்னத்தை இப்படித் தடவிப் பார்த்தே
பிழைத்த மனிதர் டாஸ்கர்.

மூன்றேகாலுக்குத்தான் சாப்பிட உட்கார்ந்தோம்,
மேலே சமதரையில்,
அவர்களுடைய சமையல் கூடாரம் நின்ற இடத்தில்.
துருப்பிடித்த பீன்ஸ் டப்பாக்கள்,
அடுப்பின் ஒற்றைக் கால்,
நீலப் பீங்கான் தட்டின் விளிம்பு.
சாண்ட்விச் சுற்றிய தாளில் கணக்குப் போட்டேன்.
வலப்பக்கம், எழுபதோ எண்பதோ அடி.
கோட்டை நீட்டினால்
நாங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குக் கீழே வருகிறது.
இருக்கலாம். கையின் கணக்குத்தானே.

என்ன எழுதுகிறாய் என்றாள் வெர்னா.
ஆழம் அறுபது, வௌவால் பதினேழு என்றேன்.
தாளைக் கசக்கிப் பையில் போட்டேன்.
அவள் எழுந்து, எப்போதும்போல,
குழாயின் வாயில் காதை வைத்துப் பார்த்தாள்.

"காற்று" என்றாள்.